ரெவாஞ்சிசம்: பழியா, மீட்பா?

உக்ரைன் போர் பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'ரெவாஞ்சிசம்'. இழந்த நிலத்தை எப்படியாவது திரும்பப் பிடித்துவிட வேண்டும் என்ற அரசியல் வெறி என்று பொருள் கொள்ளலாம். மேற்கத்திய எழுத்தாளர்கள் இதை ரஷ்யாவின் மேல் போடுகிறார்கள். சோவியத் யூனியன் உடைந்தபோது கைவிட்டுப் போனதை ரஷ்யா திரும்ப எடுக்கப் பார்க்கிறது என்பது அவர்கள் வாதம். சரி, 2022 நவம்பரில் கெர்சோன் நகரை உக்ரைன் திரும்பப் பிடித்ததே, அதற்கு என்ன பெயர்? அதுவும் இழந்ததைப் பிடித்ததுதானே?

இந்தக் குழப்பம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. பிரெஞ்சில் 'ரெவான்ஷ்' என்றால் பழிக்குப் பழி. தோற்ற அணி கேட்டு வாங்கும் மறு ஆட்டத்துக்கும் அதே சொல்தான். இன்னும் பின்னால் போனால் லத்தீனின் 'விண்டிகாரே' வரும். பழிதீர்ப்பது அதன் ஒரு பொருள். உரிமை கோருவது இன்னொன்று. ரோமானியச் சட்டத்தில், தன் சொத்து அடுத்தவன் கையில் இருந்தால் 'இது என்னுடையது' என்று உடையவன் தொடுக்கும் வழக்கின் பெயரும் இந்த வினையிலிருந்து வந்ததே.

அரசியலுக்குள் இது வந்தது 1871க்குப் பிறகு. பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசிடம் தோற்ற பிரான்ஸ், பிராங்க்பர்ட் ஒப்பந்தப்படி அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனிக்குக் கொடுத்தது. 500 கோடி பிராங்க் இழப்பீடு வேறு. பாரிஸில், அல்சாஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரைக் குறிக்கும் சிலைக்குக் கறுப்புத் துணி போர்த்தித் துக்கம் காத்தார்கள். 1887இல் வரையப்பட்ட 'கறுப்புக் கறை' என்ற ஓவியத்தில், வகுப்பறையில் தொங்கும் வரைபடத்தில் கறுத்துக் கிடக்கும் அந்தப் பகுதியை ஆசிரியர் கோலால் ஒரு பையனுக்குக் காட்டுகிறார். பையனின் முகத்தைவிட எனக்கு அந்தக் கோல்தான் நினைவில் நிற்கிறது.

அப்புறம் இது வசைச்சொல்லாகிவிட்டது. பனிப்போரில் மாஸ்கோ மேற்கு ஜெர்மனியை இப்படித் திட்டியது. நாகோர்னோ-கராபாகைச் சுற்றி ஆர்மீனியப் படைகளிடம் இழந்த நிலத்தை 2020இல் போரிட்டு மீட்ட அஜர்பைஜான், இப்போது ஆர்மீனிய எதிர்க்கட்சிகளை 'ரெவாஞ்சிஸ்ட்' என்கிறது. நிலம் கைக்கு வந்ததும் சொல் எதிராளிக்குப் போய்விட்டது!

தமிழில் 'பழிவாங்கும் கொள்கை' என்று பெயர்த்தால் சொல்லின் ஒரு பாதிதான் வரும். மறு பாதிக்கு நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. 'வெட்சி நிரைகவர்தல், மீட்டல் கரந்தையாம்' என்று தொடங்கும் வெண்பாவைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். போரின் கட்டங்களுக்குப் பழைய இலக்கணம் வைத்த பெயர்கள் இவை. பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்வது வெட்சி, கவர்ந்து போனதை மீட்பது கரந்தை. பகைவர் மேல் படையெடுப்பது வஞ்சி, அஞ்சாமல் எதிரூன்றி நிற்பது காஞ்சி. வஞ்சிக்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணம் 'எஞ்சா மண்நசை', அதாவது தீராத நில ஆசை.

மீட்டல் 'மீள்' என்பதன் பிறவினை, மீளச் செய்வது. அடகு வைத்ததை மீட்பதும் இதுதான். அதில் பழி இல்லை, உடைமை மட்டும்தான். ஆனால் கரந்தை மாட்டைப் பற்றியது. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். மண்ணை ஓட்டிக்கொண்டு வர முடியாது. அதன் மேலேயே, அங்கே வாழும் ஆட்களுக்கு நடுவிலேயே சண்டை போட வேண்டும்.

மீட்பு எங்கே நிற்க வேண்டும் என்பதற்குப் பின்லாந்தைப் பார்க்கலாம். 1940 மார்ச்சில் கரேலியாவைச் சோவியத்திடம் இழந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். 1941இல் ஜெர்மனியோடு சேர்ந்து பின்லாந்து அதை மீட்டது. மக்களில் பெரும்பாலோர் திரும்பிப் போய் வீடு கட்டினார்கள், உழுதார்கள். படை மட்டும் பழைய எல்லையில் நிற்கவில்லை. தனக்கு ஒருநாளும் சொந்தமாக இல்லாத கிழக்குக் கரேலியாவுக்குள் ஸ்விர் ஆறு வரை போனது. கரந்தை வஞ்சியானது அந்த எல்லையில்தான். 1944இல் எல்லாம் மறுபடி போயிற்று. அதே மக்கள் இரண்டாவது முறை மூட்டை கட்டினார்கள்.

2024 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்த உக்ரைன், அந்த மண்ணை வைத்துக்கொள்ளும் எண்ணமில்லை என்று சொல்ல வேண்டியிருந்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான்.

'மீட்பு' என்ற பெயர் சரியாக இருப்பதால் போரைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று ஆகிவிடாது. செங்கம் பக்கத்து நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வெட்டியிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். மீட்டதும் செத்ததும் ஒரே வரியில்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு என் யோசனை இது: தன் எல்லைக்குள் நடப்பதை 'மண்மீட்பு' என்றும், எல்லை தாண்டிய ஆசையை 'மண்நசை' என்றும் எழுதலாம். ரெவாஞ்சிசத்துக்கு 'பழிமீட்பு வாதம்' பொருந்தும். பழியிலிருந்து மீள்வது என்று யாராவது தப்பாகப் படிக்கக்கூடும். அதனால் முதல் தடவை எழுதும்போது ஒரு வரி விளக்கமும் சேர்த்துவிடுங்கள்.