வறட்டி எரியும்போது வயல் என்ன இழக்கிறது?

"ஏழைகள் விறகையும் சாணத்தையும் எரிப்பதால்தானே நிலம் கெடுகிறது?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். வெப்பமண்டலக் காடுகள் அழிவதற்கு முதல் காரணம் வணிக விவசாயம். ஏழையின் அடுப்பைக் குற்றம் சொல்வதற்கு முன் அதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் அந்த அடுப்புக்கும் வயலுக்கும் தொடர்பு உண்டு.

பக்கத்தில் மரம் தீர்ந்தால் அடுத்து அடுப்புக்கு வருவது வறட்டி. உலர்ந்த சாணத்தில் சுமார் 1.5 சதவீதம் நைட்ரஜன். நாளுக்கு 5 கிலோ எரிக்கும் வீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 27 கிலோ நைட்ரஜனைப் புகையாக விடுகிறது. யூரியாவாகக் கணக்கிட்டால் 60 கிலோ. பொட்டாசியமும் பாஸ்பரஸும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். அதை வயலில் தூவினால் திரும்பக் கிடைக்கும். மண்ணில் மக்கிச் சேர வேண்டிய கரிமப்பொருள் மட்டும் போனது போனதுதான். யூரியா வாங்கிப் போட்டாலும் அது ஈடாகாது.

ஏன் ஈடாகாது என்பதை ஒரு மண்கட்டி காட்டிவிடும். தொடர்ந்து தொழு உரம் கண்ட வயலிலிருந்து ஒரு கட்டி, காணாத வயலிலிருந்து ஒரு கட்டி. இரண்டையும் நன்றாக உலர்த்தி, கண்ணாடித் தம்ளர் நீரில் மெல்ல இறக்குங்கள். முதல் கட்டி ஓரிரு குமிழி விட்டு அப்படியே நிற்கும். இரண்டாவது சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து நீரைக் கலக்கிவிடும். நீர் எல்லாப் பக்கமும் வேகமாக நுழைய, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று நெருக்கப்பட்டு, கட்டியை உள்ளிருந்தே உடைக்கிறது. கரிமப்பொருள் இருந்தால் நீர் நிதானமாக நுழையும், காற்று தப்பிக்க நேரம் கிடைக்கும். கரிமப்பொருளைத் தின்று வாழும் பூஞ்சை இழைகளும் பாக்டீரியாப் பசையும் மண்துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். என்ன அழகான ஏற்பாடு!

வயலில் இதே வேலையை மழை செய்கிறது. பெரிய துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழும். பிடிப்பற்ற கட்டி சிதற, நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்க, சில மில்லிமீட்டர் கனத்தில் மேலோடு படிகிறது. அதன்பின் மழை உள்ளே இறங்காது. மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும். உலர்ந்து இறுகிய மேலோட்டை முளையால் துளைக்க முடியாது. விளைச்சல் குறைய வைக்கோல் குறையும், தீவனம் குறையும், சாணமும் குறையும். அடுப்போ அதே அளவு கேட்கும்.

சாண எரிவாயுக் கலன் இந்தச் சுழலை அறுக்கும். 25 கிலோ பச்சைச் சாணமும் அதே அளவு நீரும் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு தரும். அடுப்பில் எரியும் மீத்தேன் வாயுவாகப் போவது கார்பனும் ஹைட்ரஜனும்தான். நைட்ரஜன் கிட்டத்தட்ட முழுவதும் கழிவுக்குழம்பில் நிற்கும், நுண்ணுயிர் செரிக்காத நாரும் அதில் இருக்கும். குழம்பை வெயிலில் காயவிட்டால் அம்மோனியா பறந்துவிடும்; உடனே மண்ணில் கலக்க வேண்டும், அல்லது வைக்கோலோடு மக்கவிட வேண்டும். வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் வாயு வெகுவாகக் குறையும்.

ஆனால் 25 கிலோ சாணத்துக்கு இரண்டு மூன்று மாடு வேண்டும், தினமும் 25 லிட்டர் நீர் வேண்டும், கலன் கட்டப் பணம் வேண்டும். ஒற்றை மாட்டு வீட்டுக்கு, குறைந்த நீரில், குளிரிலும் இயங்கும் மலிவான கலனுக்குத்தான் ஆராய்ச்சிப் பணம் போக வேண்டும் என்பேன். குத்தகை விஷயமும் உண்டு. கரிமப்பொருள் மண்ணில் தேறப் பல ஆண்டுகள் ஆகும்; அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரர் சாணத்தை இன்றைய சோற்றுக்கு எரிப்பது சரியான கணக்குதான். அவருக்குக் கலனோடு நீண்டகாலக் குத்தகைப் பத்திரமும் வேண்டும்.