பவளப்பாறை: பவளமும் இல்லை, பாறையும் இல்லை

பாடப்புத்தகம் முதல் செய்தித்தாள் வரை எல்லோரும் எழுதும் சொல்தான் பவளப்பாறை. கொஞ்சம் உரசிப் பார்த்தால் இரண்டு பாதியுமே இடிக்கிறது.

முதலில் பவளம். மோதிரத்தில் ஏறும் சிவப்புப் பவளத்துக்குப் பேர்போன இடம் மத்தியதரைக் கடல். நாம் பவளப்பாறை என்று சொல்லும் கடலடித் திட்டை அந்த இனம் கட்டாது. மன்னார் வளைகுடாவில் திட்டு கட்டுபவை வேறு இனங்கள். உயிரோடு இருக்கும்போது பழுப்பும் பச்சையுமாக இருக்கும். செத்தால் மிஞ்சுவது வெள்ளைக் கூடு. எந்த நகைக்கடைக்காரரும் அதைச் சீந்தமாட்டார். இரண்டும் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

பவளம் என்ற சொல்லை அகராதிகள் வடமொழிப் பிரவாளத்தோடு இணைக்கின்றன. மணிப்பிரவாளம் என்கிறோமே, அதே பிரவாளம். நம்மிடம் துகிர் என்றொரு பழைய பெயரும் உண்டு. 'பொன்னும் துகிரும் முத்தும்' என்கிறது புறநானூறு. புகார் நகரத்துக்கு வந்து குவிந்த சரக்குகளை அடுக்கும் பட்டினப்பாலை 'தென்கடல் முத்தும் குணகடல் துகிரும்' என்கிறது. குணகடல் என்றால் கிழக்குக் கடல். ஆனால் முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், மேற்கே முசிறியில் வந்து இறங்கிய சரக்குகளில் பவளத்தைச் சேர்க்கிறது. ஆக, துகிர் என்பது கடல் தாண்டி வந்த நகைச் சரக்கின் பெயர். திட்டுக்கு அதை வைத்தால் பொருந்தாது.

அடுத்தது பாறை. இங்கேதான் பெரிய சிக்கல். பாறை தானாகக் கிடப்பது, இதுவோ கட்டப்படுவது. கட்டுபவை பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள். கடல் சாமந்தியின் உறவுக்காரர்களான இவற்றில் பலவும் சில மில்லிமீட்டர் அளவுதான். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தம்மைச் சுற்றிக் கிண்ணம்போல் கூடு கட்டிக்கொள்ளும். பழைய கூட்டின்மேல் புதிய கூடு, அதன்மேல் இன்னொன்று என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்ததே திட்டு. பாலிப்பின் உடலுக்குள் ஒருசெல் பாசி குடியிருக்கிறது. வெயிலில் அது சமைக்கும் சர்க்கரைதான் பாலிப்பின் முக்கியமான சாப்பாடு. அதனால்தான் வெளிச்சம் இறங்கும் ஆழமில்லாத கடலில் திட்டுகள் வளர்கின்றன. நீர் சூடேறினால் பாசி வெளியேறிவிடும், நிறமும் கூடவே போய்விடும். இதற்குத்தான் வெளிறல் என்று பெயர். 2016இல் மன்னார் வளைகுடாவிலும் இது பெரிய அளவில் நடந்தது.

கடல்தரையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் திட்டுகளை நம்பி, கடல்வாழ் இனங்களில் ஏறக்குறைய கால்வாசி வாழ்கின்றன. குஞ்சு மீனுக்கு ஒளிய இடம், சிங்கி இறாலுக்குப் பொந்து, கிளிமீனுக்குத் தீனி. கிளிமீன் இதைக் கொறித்து மணலாகக் கழிக்கும். தீவுக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் அதன் பங்கும் உண்டு!

கல் என்று நினைத்ததால் கல்லாகவே வெட்டினார்கள். தூத்துக்குடிப் பக்கம் பல ஆண்டுகள் படகு படகாக அள்ளிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போனதற்கு இதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு கிடைத்தது 2001இல்தான்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? இலங்கைத் தமிழில் முருகைக்கல் என்கிறார்கள். பவளத்தை உள்ளே இழுக்காத நல்ல சொல். ஆனால் கல் அங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பவளத்திட்டு பரவாயில்லை, குவிந்து உயர்ந்தது என்ற பொருளாவது வருகிறது. எனக்குப் பிடித்தது கடலோடிகளின் 'பார்'. கடலடியில் மேடிட்ட கெட்டியான தரை அது. சிப்பி விளைந்தால் முத்துப்பார். தூத்துக்குடிக்கு எதிரே தொல்லாயிரம் பார் என்றே ஒன்று உண்டு. பவளம் விளைந்தால் பவளப்பார் என்று எழுதிவிட்டுப் போகலாம். என்ன, பிரித்து அச்சடித்துவிட்டால் பவளத்தைப் 'பார்' என்று யாரையோ ஏவுவதுபோல் ஆகிவிடும். சேர்த்தே எழுதுங்கள்.