ஜீப்பை உயர்த்தச் சட்டம் இடம் தருகிறதா?

கரடுமுரடான பாதையில் அடிப்பாகம் தட்டாமல் இருப்பதற்காக, நீளமான ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் பொருத்தி ஜீப் வகை வாகனங்களை உயர்த்துவதை அலங்கார வேலையாகவே பலர் எண்ணுகிறார்கள். இந்தியாவில் பதிவான வாகனத்தில் இதைச் செய்வது, மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவோடு தொடர்புடையது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அப்பிரிவு. அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றத்தையே அது ‘மாற்றம்’ என்கிறது.

ஆர்.சி. எனப்படும் அந்தப் பதிவுச் சான்றில் ஸ்பிரிங் உயரத்துக்கென்று கட்டமே இல்லையே என்பார்கள். ஆனால், கேரளத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து வாகனம் விலகக் கூடாது என்பதையே வலியுறுத்தியது. அதன் பிறகும் அந்த வாதத்தை நம்பிப் பணத்தைக் கொட்டுவது விவேகமாகத் தெரியவில்லை. நிறமாற்றம் போன்றவற்றை அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம், அது வேறு வகை.

இந்தக் கண்டிப்புக்குப் பொறியியல் காரணம் உண்டு. வாகனம் உயர்ந்தால் ஈர்ப்பு மையமும் மேலேறுவதால், வளைவிலோ திடீரென ஸ்டியரிங்கைத் திருப்பும்போதோ கவிழும் வாய்ப்பு கூடுகிறது. இயந்திரத்தின் சுழற்சியைச் சக்கர அச்சுக்குக் கடத்தும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறி அதன் இணைப்புகள் விரைவில் தேய்கின்றன. பழைய நீளத்திலேயே விடப்பட்ட பிரேக் குழாய், சக்கரம் முழுதும் கீழிறங்கும்போது இழுபட்டு அறுந்துபோகக்கூடும். கூடவே, விட்டம் 10 சதவீதம் கூடிய டயர்களையும் மாட்டினால், வேகமானி 100 காட்டும்போது வண்டி உண்மையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் மூலம் சேர்ந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ‘மாற்றம் ஒன்றுக்கு’ என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒரே நாளில் ஒரே பட்டறையில் செய்த வேலைகளானாலும் தனித்தனியே எண்ணப்பட இடமுண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், சொந்த வாகனச் சேதத்துக்கான இழப்பீட்டிலும் தகராறை உண்டாக்கலாம்.

ஆகவே, வேலையைத் தொடங்கும் முன்பே வாகனத்தைப் பதிவு செய்த அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுவது நல்லது. ‘எல்லோரும் செய்கிறார்கள், ஒன்றும் ஆகாது’ என்று பட்டறைக்காரர் வாய்மொழியாகத் தரும் உறுதி பயன்படாது. 182ஏ(4) பொறுப்பாக்குவது வாகன உரிமையாளரைத்தான்.