பிரசவத்தில் குழந்தையின் மூளை பாதித்தால்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் அறிய வேண்டியவை

பிறந்ததும் குழந்தை அழவில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், வலிப்பு வந்தது, மாதங்கள் போயும் கழுத்து நிற்கவில்லை. மூளை முடக்குவாதம் (மூளை பாதித்து உடல் அசைவு தடைபடும் 'செரிபிரல் பால்சி') என்று டாக்டர் சொன்ன பிறகுதான், பிரசவ அறையில் என்ன நடந்தது என்ற கேள்வியே பல வீடுகளில் எழுகிறது.

மூளை முடக்குவாதம் எல்லாமே பிரசவத் தவறால் வருவதில்லை. குறைப்பிரசவம், வயிற்றிலேயே தொற்று, பிறந்தபின் கடுமையான மஞ்சள் காமாலை என்று காரணங்கள் பல. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியதைக் கவனிக்காமல் விட்டார்கள், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள், அதனால்தான் பாதிப்பு என்று காட்ட முடிந்தால் அது அலட்சியம்.

அதைக் காட்டுவது மருத்துவமனை எழுதி வைக்கும் முழு சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. வலி எடுத்ததிலிருந்து மணிக்கணக்கில் குறித்த பிரசவ வரைபடமான பார்ட்டோகிராஃப், இதயத்துடிப்பைப் பதிந்த சிடிஜி பட்டை, பிறந்த 1, 5 நிமிடங்களில் குழந்தையின் நிலையைப் பார்த்துப் போட்ட அப்கார் மதிப்பெண், பச்சிளங்குழந்தைப் பிரிவின் குறிப்புகள் எல்லாம் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. வாயால் கேட்டால் 'நாளைக்கு வாங்க' என்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபால். ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிதான், எனவே ஆறப்போட வேண்டாம்.

பணம் கட்டிய மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கெடு 2 ஆண்டுகள். பிறந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது நல்லது. தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. கடலூர்க்காரர்கள் பிரசவத்துக்குப் புதுச்சேரி போவது சகஜம். அதற்காக அங்கேதான் வழக்குப் போட வேண்டுமென்பதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே போடலாம். கட்டிய பில் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறோம் என்பது கணக்கில்லை, பில் தொகைதான் கணக்கு.

எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே சிவில் வழக்கு அல்லது சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசுக்கு எதிராக நேரடியாகப் போடும் மனு); புதுச்சேரிக்கும் அதே நீதிமன்றம்தான். சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமென்றால், இலவசமாகப் பார்த்தவர்களும் நுகர்வோரே என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள்.

வழக்கு இழுக்கும். அதுவரை குழந்தையின் தெரபிப் பயிற்சியை நிறுத்தி வைக்காதீர்கள். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கி, மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபிச் செலவும் அதில் அடக்கம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். புதுச்சேரியில் இதற்குச் சமூக நலத்துறை.