பழைய கார் வாங்கும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள், தகரத்தைப் பாருங்கள்

கேரளத்தில் புனலூர், கொல்லம் பக்கம் மாருதி 800 மலிவாகக் கிடைக்கும் என்று ஆரியங்காவு தாண்டிப் போய் வாங்கி வந்து, செங்கோட்டையிலோ புளியரையிலோ வீட்டு முன்னால் நிறுத்தி, ஞாயிறுதோறும் தாமே வேலை பார்க்க நினைப்பவர்கள் நிறைய. ஆசையில் தப்பில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர். அந்த இன்ஜின் படுத்தாலும் எழுப்பிவிடலாம். தகரம் போனால்தான் காசு நிற்காமல் போகும்.

மலையோர மழையில் கிடந்த வண்டி உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீரை மிதியடிக்குக் கீழுள்ள ஃபெல்ட் குடித்து வைத்துக்கொள்ளும். கதவின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளை இலைச்சருகு அடைத்துவிடும். வண்டியின் அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். விற்பதற்கென்றே பூசுவது உண்டு.

மிதியடி, ஃபெல்ட் இரண்டையும் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும்; இற்றது சொத்தென்று கேட்கும். ஜாக்கி வைக்கும் இடம், சீட் போல்ட் இறங்கும் இடம், பானெட்டுக்குள் முன் சஸ்பென்ஷன் மேல்முனை மூன்றையும் விடாதீர்கள். துணி சுற்றிய சிறு காந்தம் ஒட்டாத இடத்தில், பள்ளத்தை மறைக்கப் பூசும் பட்டி கனமாக இருக்கிறது. சஸ்பென்ஷன் முனையே இற்றிருந்தால், எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

தரையில் சிறு ஓட்டை என்றால் சரிசெய்யலாம். பளபளக்கும் தகரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, 20 கேஜ் தகடு வைத்து, சிஓ2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகரம் நெளியும். துருவின் மேலேயே எம்-சீலோ ஃபைபரோ ஒட்டினால் அடியில் துரு வேலையைத் தொடரும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் டாங்கை இறக்கி தள்ளி வையுங்கள். காலி டாங்க்தானே என்று நினைக்க வேண்டாம். ஆவி நிறைந்திருப்பது அதில்தான்.

பட்ஜெட்காரர்கள் அதிகம் சறுக்குவது பிரைமரில். மேடுபள்ளம் நிரவ அடிக்கும் சர்ஃபேசர் பிரைமரை அடித்துவிட்டு, அடுத்த சம்பளத்தில் பெயிண்ட் என்று சாரல் காலம் முழுக்க வெளியே நிறுத்துகிறார்கள். சர்ஃபேசர் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மாதத்தில் உள்ளே துரு பூத்து எல்லாவற்றையும் மறுபடி சுரண்ட வேண்டியிருக்கும். இடைவெளி விழும் என்று தெரிந்தால் ஈரத்தைத் தடுக்கும் எபாக்சி பிரைமர் அடியுங்கள். பெயிண்டுக்கென்று எடுத்து வைத்த பணத்தைக் கடைசிவரை தொடாதீர்கள். பிரித்த பிறகு தெரியவரும் வேலைகள் அதைத்தான் கேட்கும்.

வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. முட்டுக்கு வைக்கும் ஹாலோ பிளாக் திடீரென்று நொறுங்கும். ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட் வாங்கி, மண் தரையானால் கனமான பலகை போட்டு நிறுத்துங்கள். மழை பெய்த மண் மெல்ல இறங்கும்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கிவிடும். புளியரை எஸ் வளைவில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும்போது உள்ளே குமிழி வந்தால் பெடல் தரைக்குப் போகும். வீல் சிலிண்டர் ரப்பர் கிட்டைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள், ரப்பர் ஊதி மாட்டிக்கொள்ளும். பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். அது பெயிண்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைச் சீக்கிரம் வெடிக்க வைக்கும். டாங்க் முதல் கார்புரேட்டர் வரை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

கேஎல் எண் (கேரளப் பதிவு) வண்டிக்கு, அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று (என்ஓசி), அதாவது படிவம் 28 கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பழைய லோன், கட்டாத அபராதம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே வரி கட்டி எண் மாற்ற வேண்டும். 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆகவே பிரேக்கும் விளக்கும் பெயிண்டுக்கு முன்னால் தயாராகட்டும். நிறத்தை மாற்றினால் ஆர்சி-யிலும் மாற்ற வேண்டும்; பழைய நிறத்தையே அடித்தால் அந்த அலைச்சல் மிச்சம்.