ஆக்சிஜன் குறைகிறது, எவ்வளவு என்பதுதான் விஷயம்

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய இரண்டரை கிலோ ஆக்சிஜன் வேண்டும். அது காற்றிலிருந்து தானாக வந்துவிடுவதால் நமக்கு அந்தக் கணக்கே தோன்றுவதில்லை. நிலக்கரி எரியும்போது ஒரு கார்பன் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு போகிறது. எரிவாயுவில் ஹைட்ரஜனும் இருப்பதால், அது நீராவியாவதற்கும் சேர்த்து இரண்டு. இவ்வளவு காலம் எரித்ததில் காற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டுமே? குறைந்துதான் இருக்கிறது.

அதை அளப்பது பெரும்பாடு. பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் கார்பன் டை ஆக்சைடு 420 சொச்சம்தான், அதில் இரண்டு மூன்று கூடினாலும் தெரிந்துவிடும். ஆக்சிஜனோ சுமார் 2,09,500; அதில் நாலு காணாமல் போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1980களில் ரால்ஃப் கீலிங், காற்றின் ஒளிவிலகலை மிக நுணுக்கமாக அளந்து அதைக் கண்டுபிடிக்க வழி செய்தார். ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலையில் 1958இல் கார்பன் டை ஆக்சைடு அளவீட்டைத் தொடங்கிய சார்லஸ் கீலிங்கின் மகன் இவர். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில் ரால்ஃபின் ஆக்சிஜன் அளவீடு இன்றும் தொடர்கிறது, பத்து லட்சத்தில் வருடத்துக்கு நாலு போல ஆக்சிஜன் குறைகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல் வருவது. கூடும் கார்பன் டை ஆக்சைடு எரிமலை கக்கியதாக இருந்தால் ஆக்சிஜன் இப்படிக் குறையவே வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது, ஆக்சிஜன் குறைகிறது என்றால், எங்கோ எரிகிறது என்று காற்றே சாட்சி சொல்கிறது. அப்புறம், நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய பாதியைச் செடிகொடிகளும் கடலும் வாங்கிக்கொள்கின்றன. செடி வாங்கினால் ஆக்சிஜனைத் திருப்பித் தரும், கடல் வெறுமனே கரைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு வாயுக்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று பிரித்துவிடலாம்.

சரி, மூச்சு முட்டுமா? முட்டாது. கடந்த 35 வருடங்களில் போனது, இருந்த ஆக்சிஜனில் சுமார் 0.07 சதவீதம். இரண்டு மாடி ஏறினால் காற்று மெலிவதால் நமக்குக் குறைகிற ஆக்சிஜனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தெரிந்த எரிபொருள் இருப்பு முழுவதையும் எரித்தாலும் 3 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் போகும் என்று 1970இலேயே புவி வேதியியலாளர் வாலஸ் புரோக்கர் கணக்குப் போட்டுக் காட்டினார். காற்றில் ஆக்சிஜன் சேர்ந்ததே, செத்த உயிர்களின் கார்பன் மக்காமல் கோடிக்கணக்கான வருடங்கள் மண்ணில் புதைந்ததால்தான். அந்தக் கார்பனில் மிகப் பெரும்பகுதி நிலக்கரியாகவோ எண்ணெயாகவோ திரளாமல் பாறைகளுக்குள் தூவினாற்போலக் கிடக்கிறது, அதை யாரும் தோண்டி எரிக்க முடியாது.

கவலைப்பட வேண்டிய இடம் கடல். நீர் சூடானால் ஆக்சிஜன் கரைவது குறையும், மேல்நீரும் அடிநீரும் கலப்பதும் மந்தமாகும். 1960 முதல் ஐம்பது வருடங்களில் உலகக் கடல்கள் தங்கள் ஆக்சிஜனில் சுமார் 2 சதவீதத்தை இழந்திருக்கின்றன. அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தொடங்கிப் பல நூறு மீட்டர் ஆழம் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று ஏற்கெனவே உண்டு. அது தடித்தால் மீன்களுக்கு மிஞ்சுவது அதற்கு மேலே இருக்கும் அந்தக் கொஞ்ச நீர்தான்.