மகரந்தம் விழுந்தால் மட்டும் போதாது

"தேனீ நிறைய வருது, பூவும் கொட்டிக் கிடக்கு, ஆனா காய் பிடிக்கலையே." பயிர் ஆலோசனைக்கு வருகிற பலரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், கூடவே ஒரு டானிக் பெயரையும் எதிர்பார்ப்பார்கள். நான் முதலில் சொல்வது, மகரந்தச் சேர்க்கை வேறு, கருவுறுதல் வேறு. நடுவில் செல்களுக்குள் நடக்கும் வேதிப் பேச்சுவார்த்தை ஒன்று இருக்கிறது, அது முறிந்தால் காய் இல்லை.

அதைக் கண்ணால் பார்க்கப் பூவைவிடப் பச்சைப்பாசிதான் வசதி. கிளாமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பாசி, நைட்ரஜன் சத்து தாராளமாகக் கிடைக்கும்வரை சும்மா பிரிந்து பெருகும், இணை சேராது. (வளர்ப்பு ஊடகத்தில் நைட்ரஜன் தரும் அமோனியத்தை மிச்சம் வைத்துவிட்டு 'ஏன் சேரவில்லை' என்று விழிக்கும் மாணவர்களுக்குப் பஞ்சமே இல்லை.) நைட்ரஜன் தீர்ந்ததும் கேமீட்டாக, அதாவது இணை சேரும் பாலின செல்லாக, மாறும். ஆண், பெண் போல இதிலுள்ள பிளஸ், மைனஸ் என்ற இரண்டு வகைகளையும் ஒரு சொட்டில் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், சில நிமிடங்களில் கசையிழைகளால் (நீந்த உதவும் வால் போன்ற இழைகள்) ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகத் துடிக்கும். கசையிழைமேல் உள்ள அக்ளூட்டினின் புரதங்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு சுமார் 10 மடங்கு எகிறும், உடனே ஒரு நொதி வெளிவந்து செல்சுவரைக் கழற்றிவிடும், அப்புறம்தான் இணைவு. இணைந்த செல் 4 கசையிழைகளோடு கொஞ்ச நேரம் நீந்துவதையும் பார்க்கலாம்.

வால்வாக்ஸ் என்ற இன்னொரு பச்சைப்பாசியில் தூண்டுதலே வேறு: சூடு பட்டாலே போதும், பாலினப்பெருக்கத்தைத் தூண்டும் புரதம் சுரக்கத் தொடங்கிவிடும்.

சரி, பூவுக்கு வருவோம். பின்னால் விதையாக மாறும் சூலுக்குள், முட்டை செல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சினர்ஜிட் என்ற துணைச் செல்கள் 'லூர்' என்ற சிறு புரதங்களைக் கசியவிட்டுத்தான், மகரந்தம் முளைத்து நீளும் மகரந்தக் குழாயை அழைக்கின்றன. இதை டொரேனியா செடியில் 2009இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே, 2001இல், லேசரால் சினர்ஜிட்களை அழித்துப் பார்த்தபோது குழாய்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. குழாய் வந்து வெடித்து விந்து செல்களை விட்டதும் முட்டை செல் இன்னொரு புரதத்தை வெளியிட, விந்து செல்லின் மேற்பரப்புக்கு, செல்களை இணைக்கும் ஹாப்2 புரதம் வரும். கிளாமிடோமோனாஸின் மைனஸ் கேமீட் இணைவதற்கும் இதே ஹாப்2தான்!

இத்தனை படிகளில் எங்கே தடுக்கினாலும் பூ உதிரும். கடும் வெயில் மகரந்தத்தைக் கெடுக்கும். சில பூஞ்சைக்கொல்லிகள் அது முளைப்பதையே தடுக்கும், ஆகவே பூ விரிந்திருக்கும் நேரத்தில் தெளிக்காதீர்கள். டானிக் வாங்கும் முன், பூக்கும் நாட்களில் வெப்பம் எவ்வளவு, என்ன தெளித்தீர்கள் என்று குறித்து வையுங்கள். கோணலான ஆப்பிள் ஒன்று கிடைத்தால் குறுக்கே வெட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சூம்பிய பக்கத்தில் விதை இருக்காது.